நாற்பத்தொன்றாம் எண் செடி

மூன்றாவது தடவையும் அவை நீந்திக்கொண்டுதான் இருந்தன. நுண்ணோக்கியில் கண்ணை வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எண்ணித்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதி. இடது கையில் எண்ணிக்கைக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் வால் அசைகிற ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். டிக், டிக், டிக். நூற்றுப் பதினெட்டு. பக்கத்தில், எந்தச் சாறும் ஊற்றாமல் சும்மா வளர விட்டிருந்த தட்டில் நூற்று இருபத்திரண்டு. அதாவது என் செடியின் சாற்றில் மூன்று நாள் ஊறிய பிறகும் அந்தக் கிருமிகளுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அழுகைதான் வந்தது.

மணல் ஈ என்று ஒன்று உண்டு. கொசுவைவிடச் சிறியது, சத்தமே போடாது. அது கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு புண் வரும். மாதக்கணக்கில் ஆறாது, முகத்தில் வந்தால் ஆறிய பிறகும் குழி விழுந்து நிற்கும். அந்தப் புண்ணை உண்டாக்குகிற, வாலுள்ள கிருமிகளைத்தான் நாங்கள் குடுவைகளில் வளர்க்கிறோம். அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. தினம் ஒன்றாக இருபது நாள் ஊசி. எங்கள் கட்டடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஊசி போடும் பிரிவு இருக்கிறது. அதன் வாசல் பெஞ்சில் கன்னத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு காத்திருப்பவர்களைத் தாண்டித்தான் தினமும் சாப்பிடப் போகிறேன். பத்தாவது ஊசிக்குப் பிறகு அவர்கள் பெஞ்சில் உட்காருவதில்லை, நின்றுகொண்டே இருப்பார்கள். மேலே தடவினாலே போதும் என்கிற மாதிரி ஒரு மருந்து ஏதாவது இலையில் இருக்காதா என்று தேடுவது எங்கள் வேலை. இலை வரும், அதைச் சுத்தம் செய்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, ஆல்கஹாலில் ஊற வைத்து, வடித்து, வற்ற வைத்து, கடைசியில் கிடைக்கிற பிசினைக் கரைத்துக் கிருமிகளுக்கு ஊட்டுவேன். மூன்று நாள் கழித்து எண்ணுவேன். பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால், முதல் தடவை, எங்கள் சோதனை வரிசையில் நாற்பத்தொன்றாம் எண்ணான இதே செடியின் தட்டைப் பார்த்தபோது கவுண்டர் இரண்டே இரண்டு முறைதான் டிக் என்றது. மற்றவை எல்லாம் வாலை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. தட்டை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். விளக்கைக் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் எழுந்து வராந்தாவுக்குப் போய், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு தடவை குதித்தேன். நாற்பத்து நாலு வயதுப் பெண் தனியாகக் குதிப்பதற்கு அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. வாய்க்கால் கரையில் இடுப்பளவு வளர்கிற சாதாரணப் புதர் அது. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் நான் கண்டுபிடித்தேன் என்று வாயைத் திறந்து சொல்லிக்கொள்ள எனக்குக் கிடைத்த ஒரே செடி. வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நின்று என் கணவரிடம் சொன்னேன். அவர் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். தராசைக்கூடக் கீழே வைக்காமல், கடைக்கு வந்த எல்லோரிடமும், "எங்க வீட்டம்மா மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை இலை பறித்து, மூன்று தடவை செய்து, மூன்று தடவையும் கும்மாளம். மூன்றாவது கணக்கை எடுத்துக்கொண்டு எங்கள் தலைமை ஆய்வாளரின் அறைக்குப் போனேன். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்போம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு மிக மெதுவாகப் பேசினார்.

"முதல் தடவை நீ பார்த்தது பொய்னு நான் சொல்லலம்மா. ஆனா ஒரே ஒரு தடவை வேலை செஞ்சா அதை மருந்துன்னு எப்படிச் சொல்றது?"

"மேடம், இன்னொரு தடவை..."

"மூணு வாரத்துல அடுத்த கட்டத்துக்குப் போற செடிகளோட பட்டியல் அனுப்பணும். அதுக்குள்ள மறுபடி வந்தா சேர்க்கறேன். வரலைன்னா மூடிடலாம்."

"மூடினா காரணம்னு என்ன எழுதுவீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "கைப்பிழைன்னுதான் எழுதணும். வேற என்ன எழுத?"

கைப்பிழை. என் கையை! இந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு இன்னொரு பெயர் சுத்தக்காரி. புதிதாக வருகிறவர்களிடம், 'அந்தம்மா மேசையில் மட்டும் டீயை வைத்துவிடாதே, உயிரோடு திரும்ப மாட்டாய்' என்று சொல்லி அனுப்புவார்கள். என் குடுவைகள் ஒன்றில்கூடப் பூசணம் பிடித்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் என் பெயருக்கு எதிரே அந்த வார்த்தை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஒரே ஒரு நல்ல செடியைக் கண்டுபிடித்தேன் என்று நினைத்த இடத்தில் போய் அது விழப்போகிறது. வாசல் பெஞ்சைத் தாண்டும்போது எப்போதும் அங்கிருப்பவர்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைப்பேன். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை இரும்பு அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை இலை பறிக்கும்போதும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டி வைப்போம். நாளைக்கு யாராவது 'எந்தச் செடி?' என்று கேட்டால் காட்டுவதற்கு. நாற்பத்தொன்றுக்கு நான்கு தாள்கள் இருந்தன. முதல் தடவை வேறு ஏதோ செடியைப் பறித்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம். மேசையில் நான்கையும் வரிசையாகப் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நரம்பு எண்ணினேன். காம்பை அளந்தேன். இலைக்கு அடியில் இருக்கிற மெல்லிய மயிரை லென்ஸ் வைத்து ஒப்பிட்டேன். சந்தேகமே இல்லை, நான்கும் ஒரே செடி. நம்பியிருந்த கடைசிக் கயிறும் அறுந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் டிரைவர் அண்ணன் வண்டி நோட்டில் கையெழுத்து வாங்க வந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேனை ஓட்டுகிறவர். என்னைவிட ஐந்து வயது பெரியவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பன்னிரண்டு வருடமாக இலைக்காக எங்களைக் காடு மேடெல்லாம் கூட்டிப்போகிறார். ஒரு தடவைகூட நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், "எனக்கெதுக்கு, வெளியில இருக்கற கிருமிங்களே போதும்" என்பார். நோட்டை என் முன்னால் வைத்துவிட்டுத் தாள்களைப் பார்த்தவர், முதல் தாளில் விரலை வைத்தார்.

"இது நான் பறிச்சது. மத்த மூணும் நீ பறிச்சது."

"தேதி பார்த்துச் சொல்றீங்களாண்ணே?"

"தேதி எதுக்கு? இந்த இலைக்கு நீ திட்டின திட்டு இன்னும் என் காதுலயே இருக்கு. மருந்துக்கு இலை கேட்டா மாட்டுத் தீவனம் கொண்டு வந்திருக்கீங்கன்னே."

சொன்னேன்தான். அந்த முதல் தடவை எனக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போயிருந்தார். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கைக்கு அகப்பட்டதை எல்லாம் உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார். பையைக் கொட்டிப் பார்த்தால் உருப்படியாக ஓர் இலை இல்லை. எல்லாம் புழு தின்றது. ஓட்டை, ஓரமெல்லாம் அரிப்பு, சிலவற்றில் நரம்பு மட்டும் மிச்சம். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இன்னொரு தடவை அனுப்ப நேரமில்லாததால் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையே அரைத்தேன். இதோ, தாளின் அடியில் என் கையெழுத்திலேயே சிவப்பு மையில் இருக்கிறது: 'இலைகள் தரமற்றவை. அடுத்த முறை கவனம்.'

அடுத்த முறை கவனமாகத்தான் இருந்தேன். நானே போனேன். வாய்க்கால் கரையில் துணி விரித்து உட்கார்ந்து, ஒவ்வோர் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் தண்ணீரில் வீசினேன். பச்சைப் பசேலென்று, கல்யாண வீட்டுக்கு வாங்கியவை போல, மாசு மருவில்லாத இலைகளாகப் பொறுக்கி எடுத்து வந்தேன். மூன்று தடவையும் அப்படித்தான்.

நான்கு தாள்களையும் இன்னொரு தடவை பார்த்தேன். சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. டிரைவர் அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அண்ணே, செடியால ஓட முடியாது இல்லையா? யாராவது கடிச்சா அது என்ன பண்ணும்? கடிக்கறவனுக்குப் பிடிக்காத ஏதோ ஒண்ணை இலைக்குள்ள காய்ச்சும். கடிக்கலைன்னா அதுக்கு அந்த வேலையே இல்லை. கிருமிங்களைக் கொன்னது அந்தச் சரக்காத்தான் இருக்கணும். நான் மூணு தடவையும் மருந்தை வாய்க்கால்ல போட்டுட்டு, மிச்சத்தைக் கொண்டு வந்து அரைச்சிருக்கேன்!"

அவர் பாட்டிலின் மூடியைத் திருகினார். "அப்ப சும்மா விட்டா சாது, சீண்டினா விஷம். எங்க மாமியார் மட்டும்தான் அப்படின்னு நினைச்சேன்." பிறகுதான் அவருக்கு முக்கியமான விஷயம் உறைத்தது. முகம் மெல்ல மெல்ல மலர்ந்து வாயெல்லாம் பல்லானது. "அப்ப நான் கொண்டு வந்ததுதான் சரியான இலை?"

"நீங்க கொண்டு வந்ததுதாண்ணே சரியான இலை."

"மாட்டுத் தீவனம்?"

"வாபஸ் வாங்கிக்கறேன்."

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார், சிரிக்கவில்லை. நான்கு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புழு கடிச்சதாலயா, இலையில ஓட்டை விழுந்ததாலயா?" காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மிஷினை மேசையிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஒரே புதர்ல மூணு வகை எடு. யாரும் தொடாத இலை, புழு தின்னது, இதால ஓட்டை போட்டது. அதே நாள், அதே வெயில். அப்பதான் நான் நம்புவேன்." குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அது நல்ல அறிகுறி.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கொசுவலை இருந்தது. அதைக் கேட்காமல் வெட்டித் தலையணை உறை போல நீளப் பைகளாகத் தைத்துவிட்டேன். கிளைகளுக்குப் போர்த்தி வாயைக் கட்டினால், சில பைக்குள் புழு போகாது, சில பைக்குள்ளிருந்து புழு வெளியே வராது. கணவர் கடையிலிருந்து வந்து, வலையின் நடுவில் விழுந்திருந்த பெரிய ஓட்டையைப் பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினாறு வருஷம். நான் கீரை கொண்டு வந்தா ஒரு ஓட்டை இருந்தாப் போதும், பாதிக் கட்டு குப்பைக்குப் போகும். புழு தின்னா நல்ல கீரைடின்னு தொண்டை கிழியச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டியா? இப்ப வாலு முளைச்ச ஒரு கிருமி சொன்னதும் கேக்கறே."

"கிருமி சொல்லலை. செத்துக் காட்டிச்சு."

"நானும் செத்துக் காட்டினாத்தான் கேப்பியா?" என்றார். சிரித்து முடித்த பிறகு அவரே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். மீதிப் பைகளைச் சேர்ந்து தைத்தோம்.

புழு கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மழை நின்று எவ்வளவோ நாள் ஆயிற்று. வாய்க்கால் கரையில் நானும் டிரைவர் அண்ணனும் மண்டியிட்டு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினோம். எத்தனை வருடம் இந்தப் புழுக்களைச் சபித்திருப்பேன்; அன்றைக்கு ஒன்றே ஒன்று கண்ணில் படாதா என்று ஏங்கினேன். கடைசியில் தண்ணீருக்கு அருகே, நிழல் விழுந்த தாழ்ந்த கிளையில் அவர்தான் பார்த்தார். பச்சை உடம்பு, முதுகில் மஞ்சள் கோடு, சுண்டுவிரல் நீளம். "தங்கச்சி, குடும்பமே இருக்கு!" என்று கத்தினார். பதினொன்று இருந்தன. கிளைகளுக்கு மாற்றி வலையைக் கட்டுவதற்குள் ஒரு குருவி வந்து ஒன்றைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நான் மற்ற பைகளைக் கட்டி முடிக்கும்வரை வேனில் உட்கார்ந்து, குருவி பக்கத்தில் வரும்போதெல்லாம் ஹார்ன் அடித்தார். கரையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு செடியில் இருக்கிற இலைகளுக்குப் பஞ்சிங் மிஷினால் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், ஓர் ஆள் ஆகாயத்தைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஓர் அம்மாள் கேட்டார். மருந்து தேடுகிறோம் என்றேன். "சீக்கிரம் கிடைக்கட்டும்" என்று உண்மையான அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். எந்த நோய்க்கு என்று அவர் நினைத்தாரோ தெரியாது.

ஆறு நாள் அவை தின்றன. தினமும் காலையில் போய்ப் பார்ப்போம். முதல் நாள் ஒன்றும் தொடவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஓரத்தில் ஓர் அரைவட்டம். மூன்றாம் நாளிலிருந்து ஓட்டைக்குமேல் ஓட்டை. பிள்ளை சாப்பிடுகிறதா என்று பார்க்கிற தாய் மாதிரி, மிச்சமிருக்கிற இலையைப் பார்த்துக் கவலைப்பட்டேன். நல்லா தின்னுங்க ராசா என்று நான் சொன்னதை டிரைவர் அண்ணன் கேட்டுவிட்டார். ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லியும்விட்டார். ஏழாம் நாள் மூன்று வகை இலைகளையும் தனித்தனியாகப் பறித்தோம். புழுக்களை எடுத்து அதே புதரில் விட்டேன். தின்ற இலைகளில் ஒட்டியிருந்த எச்சத்தைத் துடைத்தேன். ஓர் இலையைக்கூட வீசவில்லை. உலர்த்த ஐந்து நாள், ஊற வைக்க மூன்று, வற்ற வைக்க ஒன்று. ஒவ்வொரு பிசினையும் இரண்டிரண்டு சீசாவில் எடுத்தேன். அவற்றோடு வெறும் கரைசல் ஒன்று, பழைய ஊசி மருந்து ஒன்று. மொத்தம் எட்டு சீசாக்கள்.

"நீ எண்ணக் கூடாது," என்றார் டாக்டரம்மா. "உன் விரலுக்கு ஆசை வந்துடுச்சு. நான் எண்ணறேன். எதுல எது இருக்குன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியக் கூடாது." அதற்கு டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு சீசாக்களைக் கலைத்து, பெயர்களை மறைத்து ஒன்று முதல் எட்டு வரை எண் ஒட்டி, எந்த எண்ணில் எது என்பதை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிருமிகள் அந்தச் சாறுகளில் ஊறிய மூன்று நாளும் என்னோடு பேசவே இல்லை. எதிரே வந்தால் வேறு வழியாகப் போனார். டீக் குடிக்கக் கூப்பிட்டதற்கு, "வேணாம் தங்கச்சி, என் வாய் எனக்கே சரியில்ல" என்றார்.

பட்டியல் அனுப்ப ஒரு நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு டாக்டரம்மா நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால், சுவரோரம் ஸ்டூலில். எனக்குத் தட்டுகள் தெரியாது, அவர் முதுகும் கவுண்டர் பிடித்த கையும் மட்டும் தெரியும். டிரைவர் அண்ணன் கதவருகே, சலவைச் சட்டையில், பையைப் பொத்திக்கொண்டு நின்றார். எட்டுத் தட்டுகளில் ஐந்து சத்தம் போட வேண்டும், புழு தின்றவை இரண்டும் ஊசி மருந்தும் ஆக மூன்று போடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் தட்டு. டிக் டிக் டிக் என்று மூச்சு விடாமல் ஓடியது. "நூத்து இருபத்தொண்ணு," என்று எழுதினார். இரண்டாவது தட்டை வைத்தார். சத்தமே இல்லை. அவர் கட்டம் கட்டமாக நகர்த்துவது தோள் அசைவில் தெரிந்தது. "பூஜ்யம்." இது ஊசி மருந்தாக இருக்கலாம், ஆடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவதும் நான்காவதும் டிக் டிக் என்று கொட்டித் தீர்த்தன, மறுபடி கும்மாளம். ஐந்தாவது தட்டு. அமைதி. வராந்தாவில் யாரோ செருப்பு இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு டிக். மறுபடி அமைதி. "ஒண்ணு." ஆறு, ஏழு இரண்டும் சத்தம் போட்டன. சத்தம் போட வேண்டிய ஐந்தும் அங்கேயே முடிந்துவிட்டன. மிச்சம் ஒரு தட்டு.

எட்டாவது தட்டை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். ஒன்றுமே கேட்கவில்லை. திடீரென்று ஒரு டிக். ஸ்டூலிலிருந்து விழப்போனேன்.

"அது ஒண்ணுமில்ல," என்றார் டாக்டரம்மா, கண்ணை எடுக்காமல். "கவுண்டர் ரிப்பேரோன்னு அழுத்திப் பார்த்தேன்."

"நல்லா இருக்கா மேடம்?"

"கவுண்டர் நல்லாத்தான் இருக்கு." அவர் நிமிர்ந்து திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. "படிங்க டிரைவர்."

டிரைவர் அண்ணன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். "ஒண்ணு, தொடாத இலை. ரெண்டு, ஊசி மருந்து. மூணு, மிஷின் ஓட்டை. நாலு, வெறும் தண்ணி... கரைசல். அஞ்சு, புழு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆறு, மிஷின். ஏழு, தொடாதது. எட்டு..." தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார், படிக்க முடியவில்லை அவரால். புழு என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் கோடு போட்ட ஒரு புழுவே வரைந்திருந்தார்.

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். டாக்டரம்மா பட்டியலை எடுத்து, கடைசி வரியில் நாற்பத்தொன்று என்று எழுதினார். எழுதிக்கொண்டே அடுத்த வேலைகளை அடுக்க ஆரம்பித்தார். இன்னும் இரண்டு தடவை செய்ய வேண்டும். புழுவின் எச்சில் காரணமா என்று பார்க்க வேண்டும். இலைக்குள் இருப்பது எது என்று பிரிக்க வேண்டும், அது நல்ல தோலைப் புண்ணாக்காதா என்று பார்க்க வேண்டும். எலி, அப்புறம் மனிதர்கள். பத்து வருடம் ஆகலாம், நடுவில் எங்கே வேண்டுமானாலும் நின்றுபோகலாம். அவர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே பயமாக இல்லை.

டிரைவர் அண்ணன் நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு தடவை பார்க்கலாமா தங்கச்சி?"

எட்டாவது தட்டு இன்னும் அங்கேயே இருந்தது. அவரை உட்கார வைத்தேன். பார்க்கிற கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணைத் திறந்தார், மாற்றிவிட்டேன்.

"கருப்பு கருப்பா முள்ளு மாதிரி ஏதோ தெரியுது."

"அது உங்க இமை முடிண்ணே. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தார். பிறகு ஏமாந்துபோன குரலில், "ஒண்ணுமே அசையலையே? இதைப் பார்க்கவா இத்தனை பாடு பட்டே?" என்றார்.

"இதைப் பார்க்கத்தான்."

"நல்லா ஓடறது எதாவது காட்டேன்."

முதல் தட்டை எடுத்து வரத் திரும்பினேன். "இரு, இரு," என்றார் அவசரமாக. "ஓரத்துல ஒண்ணு... இல்ல, ஆடலை... இரு." கண்ணை எடுக்காமலே இடது கையைப் பின்னால் உயர்த்தி, பின்னால் வருகிற வண்டியை நிறுத்துவது போல எங்கள் இருவரையும் நிறுத்தினார். பன்னிரண்டு வருடமாக நுண்ணோக்கியில் எட்டிக்கூடப் பார்க்காதவர் இப்போது கண்ணை எடுப்பதாக இல்லை. நானும் டாக்டரம்மாவும் அப்படியே நின்றோம். விரல்கள் விரிந்தபடி அந்தக் கை காற்றில் நின்றது.